குழப்படிக்காரன் என்று நான் எழுதிய பிள்ளை

2012 ஆம் ஆண்டு, இரண்டாம் தவணை. தரம் மூன்றில் படித்த ஒரு மாணவனின் தேர்ச்சி அறிக்கையில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "மிகவும் குழப்படி. பாடத்தில் கவனம் இல்லை. முயற்சி செய்தால் முன்னேறலாம்." அந்த அறிக்கையை அவனுடைய தாய் இன்றும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறார். முதலாவது வசனம் நான் கோபத்தில் எழுதியது. மூன்றாவது பிழை, ஏனென்றால் அவன் முயற்சி செய்துகொண்டுதான் இருந்தான். இரண்டாவது மட்டும் உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒரு மருத்துவக் காரணம் இருக்கலாம் என்று அன்று எனக்குத் தெரியாது.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அப்போது நாங்கள் மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து மீளக்குடியேறி இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு பக்கம் தறப்பாள் கட்டிய வகுப்பறை. பக்கத்து வகுப்பில் பெருக்கல் வாய்பாடு சொன்னால் எங்கள் வகுப்பிலும் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் கவனம் சிதறியது. ஆனால் இவன் வேறு மாதிரி.

காலையில் கொண்டுவரும் பென்சில் இடைவேளைக்கு முன் காணாமல் போய்விடும். கொப்பியில் முதல் மூன்று வரிகள் அழகாக இருக்கும், நாலாவது வரியில் எழுத்துப் பெருக்கும், ஐந்தாவது வரி ஒரு உழவு இயந்திரப் படமாக மாறியிருக்கும். நான் கேள்வியை முடிக்க முதல் பதில் சொல்லிவிடுவான். பல நேரம் அது சரியான பதிலாகவும் இருக்கும், அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. கந்தோருக்குப் போய் வெண்கட்டி வாங்கி வரச் சொன்னால் அரை மணித்தியாலம் கழித்து வருவான். கையில் வெண்கட்டி இருக்காது, கிணற்றடியில் உடும்பு கண்ட கதை இருக்கும். மதிய உணவுக்கு வரிசையில் நிற்க ஏலாது, தள்ளி முன்னுக்குப் போய்ச் சண்டை பிடிப்பான். கதிரையில் இருந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

தாயைக் கூப்பிட்டுக் கதைத்தேன். "ரீச்சர், இவன் செல்லுக்குள்ள வளர்ந்த பிள்ளை. அந்தப் பயம்தான் இப்பிடி ஆக்கிப்போட்டுது" என்றார். பிறகு எங்கள் ஊர்ப் பெற்றோர் எல்லாரும் சொல்வதைச் சொன்னார்: "கண் ரெண்டையும் விட்டிட்டு அடியுங்கோ." நான் அடித்தேன். பல தடவை. இதை எழுதாமல் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எழுதினால் இந்தக் கட்டுரையில் நேர்மை இராது. பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. அவற்றை வாசித்த நாங்கள்தான் மேசையில் பிரம்பையும் வைத்திருந்தோம்.

தாய் சொன்ன காரணத்தை நான் அப்படியே நம்பினேன். நம்புவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. யுத்தநிறுத்தம் வந்த 2002 ஆம் ஆண்டிலேயே வடக்குக் கிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அவர்களில் 92 வீதமானோர் குண்டுவீச்சு, செல்வீச்சு, நெருங்கியவரின் சாவைக் கண்ணால் காண்பது போன்ற ஏதோவொரு கடும் அனுபவத்துக்கு உள்ளாகியிருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் இருந்தது. அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் ஞாபகசக்தியும் பள்ளிப் புள்ளிகளும் குறைந்திருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. இது 2009 க்கு முந்திய கணக்கு. முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்த பிள்ளைகளைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எனவே ஒரு பிள்ளை படிக்காவிட்டால், ஓடினால், அடித்தால், பேசாவிட்டால், எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பதில் தயாராக இருந்தது: யுத்தம். அந்தப் பதில் பெரும்பாலும் சரி. சரியாக இருந்தபடியால்தான் அது சில பிள்ளைகளை மறைத்துவிட்டது.

அடுத்த தவணையில் பாடசாலைக்கு ஒரு உளவளத்துணையாளர் வந்து போகத் தொடங்கினார். இரண்டு நாட்கள் என் வகுப்பின் பின்வாங்கில் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "ரீச்சர், இவன் சந்தோசமா இருக்கிற நேரத்திலயும் இப்பிடித்தானோ?" நான் யோசித்துப் பார்த்தேன். விளையாட்டுப் போட்டியன்று, ஒளிவிழாவன்று, பிறந்தநாளுக்கு ரொபி கொடுக்கும்போது, எப்போதுமே அப்படித்தான். அவர் கடிதம் ஒன்று எழுதித் தந்தார். தாயும் அம்மம்மாவும் அவனும் நானும் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போனோம்.

வைத்தியர் செல்வீச்சைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "இவர் எத்தினை மாதத்தில நடந்தவர்?" என்று அம்மம்மாவிடம் கேட்டார். அம்மம்மா சிரித்துவிட்டார். "ஒன்பது மாதத்தில நடந்தவன். நடந்தவன் எண்டு சொல்லக்கூடாது, ஓடினவன்." இரண்டு வயதில் கிணற்றுக்கட்டில் ஏறியது, மூன்று வயதில் முருங்கையிலிருந்து விழுந்து நாடியைக் கிழித்தது, முன்பள்ளியில் இரண்டு கிழமையில் "இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுக் கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பியது என்று ஒவ்வொன்றாக வந்தன. இவை எல்லாம் 2008 இடப்பெயர்வுக்கு முன்னர் நடந்தவை. அவன் 2004 இல், சமாதான காலத்தில் பிறந்த பிள்ளை. இதை நாங்கள் எல்லாரும் மறந்துபோயிருந்தோம், தாய் உட்பட.

பிறகு வைத்தியர் குடும்பத்தில் வேறு யாரும் இப்படி இருந்தார்களா என்று கேட்டார். தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இவற்றை அப்பா ஒரு இடத்தில இருந்து சாப்பிடமாட்டார்" என்றார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், எந்த மோட்டாரையும் கழற்றிப் பூட்டுவார், ஆனால் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுவார், சந்தைக்குப் போனால் போன சாமானைத் தவிர மற்றதெல்லாம் வாங்கி வருவார். அவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு காணாமல் போனவர். "அப்ப அவருக்கும் இது இருந்திருக்குமோ டொக்டர்?" என்று தாய் கேட்டார். இருந்திருக்கலாம் என்றார் வைத்தியர். திரும்பி வரும்போது பஸ்சுக்குள் தாய் அழுதார். அது துக்கத்தில் அழுத மாதிரி எனக்குப் படவில்லை.

வைத்தியர்கள் ஏ.டி.எச்.டி. என்று ஆங்கில எழுத்துகளில் சொல்லும் இந்த நிலையைத் தமிழில் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்கிறார்கள். இது புதிதாக வந்த நாகரிக வருத்தம் அல்ல. 1902 இலேயே ஜோர்ஜ் ஸ்ரில் என்ற ஆங்கிலேயக் குழந்தை வைத்தியர் லண்டனில் ஆற்றிய விரிவுரைகளில் இப்படியான பிள்ளைகளை விபரித்திருக்கிறார். உலக அளவில் ஏறத்தாழ நூறில் ஐந்து பிள்ளைகளுக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு பேர் இருக்க வேண்டும். கடந்து வந்த வருடங்களை எண்ணிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வளர்ப்புப் பிழையால் வருவதல்ல, சீனி கூடச் சாப்பிட்டதால் வருவதுமல்ல. கவனத்தை ஓரிடத்தில் பிடித்து வைப்பதும், செய்ய உந்தும் ஒன்றைச் செய்யாமல் நிறுத்துவதும் மூளையின் முன்பகுதி பார்க்கும் வேலைகள். சைக்கிளுக்குப் பிறேக் மாதிரி. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பிறேக் பிந்தித்தான் பிடிக்கும். 2007 இல் அமெரிக்காவில் மூளைப் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, இப்பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்வதில் சராசரியாக மூன்று வருடம் பிந்துகிறது என்று கண்டது. எட்டு வயதுப் பிள்ளையிடம் எட்டு வயதுக்குரிய அடக்கத்தை எதிர்பார்த்து நான் பிரம்பெடுத்தேன். அவனிடம் இருந்தது ஐந்து வயது அடக்கம்.

"போன் குடுத்தா ரெண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறானே, அப்ப இவனுக்குக் கவனம் இருக்குத்தானே?" இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கவனம் அடியோடு இல்லாத வருத்தமல்ல இது. வேண்டிய இடத்துக்குக் கவனத்தைத் திருப்ப முடியாத வருத்தம். போனில் ஒவ்வொரு விநாடியும் புதிதாக ஒன்று வந்து அவனைப் பிடித்து வைக்கிறது. கழித்தல் கணக்கு அப்படிப் பிடிக்காது. அங்கே அவனே தன்னைப் பிடித்து வைக்க வேண்டும். அதுதான் அவனால் ஏலாது. போனில் இருக்க முடிவது சோம்பேறித்தனத்துக்குச் சாட்சி அல்ல.

அறிகுறிகளை வைத்தியர்கள் இரண்டு கட்டாகப் பார்க்கிறார்கள். ஒன்று கவனம் சம்பந்தப்பட்டது: சிறு பிழைகள், முடிக்காத வேலைகள், தொலைக்கும் பொருட்கள், முகத்துக்கு நேரே சொன்னாலும் கேளாத மாதிரி இருப்பது, அன்றாடக் கடமைகளை மறப்பது, மனதைச் செலுத்த வேண்டிய வேலைகளைத் தட்டிக் கழிப்பது. மற்றது துடிப்பும் அவசரமும்: இருக்கையில் நெளிவது, எழும்பி ஓடுவது, இடைவிடாத பேச்சு, முறை வரும்வரை நிற்க ஏலாமை, மற்றவர் கதைக்கும்போது இடையில் புகுவது. ஒவ்வொரு கட்டிலும் ஒன்பது அறிகுறிகள். ஏதாவது ஒரு கட்டில் ஆறாவது இருக்க வேண்டும், ஆறு மாதமாவது தொடர வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளிக்கூடம் என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், பிள்ளையின் படிப்பையோ உறவுகளையோ உண்மையில் பாதிக்க வேண்டும். கடைசி நிபந்தனைகளைத்தான் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் சாந்தமாக இருந்து ஒரேயொரு ரீச்சரின் வகுப்பில் மட்டும் குழப்பும் பிள்ளையென்றால், அந்த வகுப்பைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ இதைக் காட்டித் தராது. கேட்டும் பார்த்தும்தான் கண்டுபிடிக்கிறார்கள். அதனால்தான் ஆசிரியரின் குறிப்புக்கு அவ்வளவு பெறுமதி.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் அடுத்த பிழையை விட்டேன். புதிதாக ஒன்றைப் படித்தவருக்கு எங்கும் அதுவே தெரியும் அல்லவா? அடுத்த வருட வகுப்பில் ஒரு பெடியன், சொன்னது காதில் விழாத மாதிரி இருப்பான், அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்ப்பான், சின்ன விடயத்துக்கும் எரிந்து விழுவான். எனக்கு உடனே பெயர் தெரிந்துவிட்டது. உளவளத்துணையாளரிடம் பெருமையோடு சொன்னேன். அவர் மறுபடியும் பின்வாங்கில் இருந்து பார்த்துவிட்டு, "அவன் எங்கை பாக்கிறான் எண்டு பாருங்கோ" என்றார். அவன் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் வாசலை. சுவரோடு முதுகை வைத்தே இருந்தான். வீதியில் லொறி ரயர் வெடித்த அன்று மேசைக்குக் கீழே போய்விட்டான். இரவில் கத்தி எழும்புகிறான் என்று வீட்டில் சொன்னார்கள். 2009 க்கு முன் மிகவும் அமைதியான பிள்ளை. காதையும் பரிசோதித்தபோது செல் விழுந்த பக்கத்துக் காதில் கேள்வி குறைந்திருந்தது.

இரண்டு பெடியன்களும் பாடத்தைக் கவனிக்கவில்லை. முதலாவது பெடியனின் கவனம் காகம், உடும்பு, உழவு இயந்திரம் என்று கண்டதெல்லாவற்றுக்கும் போனது. இரண்டாவது பெடியனின் கவனம் ஆபத்து ஒன்றின் மேல் மட்டும் குத்தி நின்றது. ஒன்று பிறவியிலிருந்து சீராக வருவது, மற்றது ஒரு நாளுக்குப் பிறகு தொடங்கியது. மனவடு உள்ள பிள்ளைக்குச் சில சத்தங்களும் இடங்களும் திகதிகளும் கூடுதலான குழப்பத்தைத் தரும், அவற்றை விலக்கி நடக்கவும் பார்க்கும். ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு அப்படிக் குறிப்பிட்ட தூண்டுதல் ஒன்றும் தேவையில்லை. சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதைப் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. எங்கள் வேலை எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடாமல் இருப்பது.

வேறு காரணங்களும் இருக்கின்றன. கண்பார்வைக் குறை, இரத்தச்சோகை, நித்திரைக் குறைவு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருவது. சில விநாடிகள் மட்டும் விழித்தபடியே உணர்வற்றிருக்கும் ஒரு வகை வலிப்பு, அதைக் கனவு காண்கிறான் என்று நினைத்துவிடுவோம். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் உள்ள தனியான குறைபாடு. தலையில் காயப்பட்ட, சன்னத்துண்டு தங்கிய பிள்ளைகளுக்குக் காயத்தாலேயே கவனம் குறையலாம், அந்த விபரத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் குடியும் அடிதடியும் இருந்தாலும், தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருந்தாலும் பிள்ளையின் மனம் கொப்பியில் நிற்காது.

அந்த முதல் வகுப்பிலேயே இன்னொரு பிள்ளை இருந்ததைப் பல வருடம் கழித்துத்தான் உணர்ந்தேன். ஜன்னலோரம் இருந்த பெண்பிள்ளை. ஓடவில்லை, கத்தவில்லை, யாருக்கும் கரைச்சல் இல்லை. கரும்பலகையில் இருப்பதில் பாதியை எழுதுவாள், கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்புவாள், ஒவ்வொரு கிழமையும் எதையாவது தொலைத்துவிட்டு அழுவாள். "அமைதியான பிள்ளை, கெட்டித்தனம் காணாது" என்று எழுதினேன். துடிப்பில்லாமல் கவனக்குறைவு மட்டும் இருக்கும் வகையும் உண்டு. பெண்பிள்ளைகளில் அது தவறவிடப்படுவது அதிகம், குழப்படி செய்யாத பிள்ளையை யாரும் வைத்தியரிடம் அனுப்புவதில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் பாதி வினாத்தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அவளுக்கு உண்மையில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்ல ஏலாது. யாரும் பார்க்கவில்லை.

உழவு இயந்திரப் பெடியனுக்கு வைத்தியர் குளிசை எழுதினார். மெதைல்பெனிடேற் என்பது அதன் பெயர். இதை வைத்தியர் எழுதித் தந்தால்தான் எடுக்க முடியும். பசி குறையலாம், நித்திரை பிந்தலாம், அதனால் நிறையையும் உயரத்தையும் இரத்த அழுத்தத்தையும் ஒழுங்காகப் பார்ப்பார்கள். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் மருந்து கொடுப்பதில்லை, பெற்றோருக்கான பயிற்சிதான் முதல். "பிள்ளையைப் போதைக்குப் பழக்குறியளோ?" என்று அயலவர்கள் தாயைக் கேட்டார்கள். வைத்தியர் சொன்ன அளவில் சொன்ன மாதிரி எடுத்தால் அது போதைக்கு அடிமையாக்காது. "விசர் ஆசுப்பத்திரிக்கு ஏன் கொண்டுபோறாய்" என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத் தாய் ஒரு பதிலும் சொல்லவில்லை, அடுத்த கிளினிக் திகதிக்கும் போனார். கோயிலில் நூலும் கட்டினார். நூலும் குளிசையும் ஒன்றையொன்று தடுக்கவில்லை, நானும் மறிக்கவில்லை.

குளிசை பாதிதான். மீதி என் கையில் இருந்தது. கடைசி வாங்கிலிருந்து முன்வாங்குக்குக் கொண்டுவந்தேன், ஜன்னலுக்குத் தூரமாக. பத்துக் கணக்கை ஒன்றாகக் கொடுக்காமல் மூன்று கொடுத்து, திருத்தி, பிறகு அடுத்த மூன்று. "கொப்பியை எடு, திகதி போடு, நாற்பதாம் பக்கம் பார்" என்று ஒரே மூச்சில் சொன்னால் அவனுக்கு முதலாவது மட்டும்தான் நிற்கும், ஒவ்வொன்றாகச் சொல்லப் பழகினேன். கரும்பலகை அழிப்பது, மணி அடிப்பது எல்லாம் அவன் வேலை. எழும்பி நடக்கத்தானே வேண்டும், ஒரு காரணத்தோடு நடக்கட்டும். சரியாகச் செய்ததை அந்த இடத்திலேயே சொன்னேன், தவணை முடிவில் சொல்லும் புகழ்ச்சி இவர்களுக்கு எட்டாது. எல்லா நாளும் இது சரிவரவில்லை. நாற்பது பிள்ளைகளோடு ஒரு பிள்ளைக்கு இப்படிச் செய்வது லேசல்ல, சில நாள் நான் கத்தினேன். ஆனால் பிரம்பு திரும்பி வரவில்லை.

அவன் சாதாரண தரத்தில் பெரிதாகச் சித்தியடையவில்லை. இப்போது ஒரு கராஜில் வேலை செய்கிறான், முதலாளி சொல்லும் வேலைகளைச் சுவரில் வெண்கட்டியால் எழுதி வைத்து ஒவ்வொன்றாக அழிக்கிறானாம். வளர்ந்தால் எல்லாம் மாறிவிடும் என்பது முழுக்கச் சரியல்ல. வெளித்துடிப்பு அடங்கும், மறதியும் அவசரமும் பலருக்குத் தொடரும்.

உங்கள் பிள்ளையிலோ வகுப்பிலோ இப்படி ஒன்றைக் கண்டால், முதலில் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்கலாம், அல்லது நேரே அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். அங்கே காசு கேட்கமாட்டார்கள். கொப்பிகளையும் தேர்ச்சி அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். பிள்ளை குழந்தையாக இருந்தபோது பக்கத்தில் இருந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். எங்கள் குடும்பங்களில் அந்த ஆள் பல நேரம் உயிரோடு இல்லை, அல்லது வெளிநாட்டில் இருக்கிறார், போனிலாவது கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது நடந்தது, எப்படி நித்திரை கொண்டது, இடம்பெயர முதல் எப்படி இருந்தது. ஆசிரியரிடம் ஒரு குறிப்பும் வாங்குங்கள். "குழப்படி" என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, என்ன செய்கிறான், எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கால் எழும்புகிறான் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் நேரம் செல்லும். நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில் காத்திருப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை. கையில் ஏதாவது கொடுத்து வையுங்கள். நாங்கள் இரண்டாம் தடவை போனபோது நான் ஒரு பழைய சைக்கிள் பெல்லையும் சின்னத் திருகாணிச் சாவி ஒன்றையும் கொண்டுபோனேன். கூப்பிடும் வரைக்கும் அதை நாலு தரம் கழற்றிப் பூட்டினான்.